ஒற்றைச் செல்லைத் துளிக்குள் அடைப்பது: முதல் சிப் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் மொத்த இருப்பு பாதியளவு என்று செய்தித்தாளில் படிக்கும்போது, பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாமே பாதி நிரம்பியிருக்கின்றனவா, அல்லது ஒன்றிரண்டு தளும்பி நிற்க மற்றவை தரை தெரியக் கிடக்கின்றனவா என்பது அந்த ஓர் எண்ணிலிருந்து தெரியாது. ஒரு குழாயில் இருக்கும் 10 லட்சம் செல்களை மொத்தமாக உடைத்து அளக்கும்போதும் நமக்குக் கிடைப்பது அத்தகைய ஓர் எண்தான். மருந்துக்கு மடியாமல் தப்பிய சில நூறு புற்றுநோய்ச் செல்கள் அந்தச் சராசரிக்குள் அடையாளமின்றிக் கரைந்துவிடுகின்றன. அவற்றைத் தனித்தனியே, அதுவும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் பார்த்தாக வேண்டும் என்ற தேவைக்குப் பயன்படுவதே, நுண்ணிய வாய்க்கால்களில் திரவத்தை ஓடவிடும் நுண்பாய்மச் சில்லு. ஆய்வகத்தில் அதை எல்லோரும் சிப் என்றே அழைக்கிறோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

உயிரித் தொழில்நுட்பமோ, இயற்பியலோ, இயந்திரப் பொறியியலோ படித்துவிட்டு இத்துறைக்குள் முதன்முதலாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிண்டி, தரமணி வட்டாரத்தில் நான் பழக்கிய மாணவர்கள் பெரும்பாலோர் சிப்பைச் செய்து முடிப்பதற்கு மூன்று மாதம் உழைப்பார்கள். அதற்குள் விட வேண்டிய செல்களைத் தயார் செய்ய அரை மணி நேரம் ஒதுக்குவார்கள். ஆனால் சோதனை கெடுவது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில்தான். குழாயிலிருந்து வரும்போதே இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களை எந்தச் சிப்பாலும் பிரிக்க முடியாது. ஆகவே சிப் செய்யும் படிகளைச் சொல்லிவிட்டு, செல் தயாரிப்பில் சற்று நீண்ட நேரம் நிற்கப் போகிறேன்.

எந்தச் சிப்பில் தொடங்குவது

ஒற்றைச் செல்களைக் கையாளும் சிப்களில் மூன்று வகைகள் அடிக்கடி பயன்படுகின்றன. வாய்க்காலின் ஓரத்தில் சிறு கிண்ணங்கள் அமைத்து ஒவ்வொன்றிலும் ஒரு செல்லைத் தேக்கிவைப்பது ஒரு வகை. செல்களை வரிசையாக ஓடவிட்டு, ஓடும்போதே ஒளியாலோ மின்தடை மாற்றத்தாலோ அளப்பது இன்னொரு வகை. எண்ணெய்க்குள் நுண்ணிய நீர்த்துளிகளை வெட்டி, ஒவ்வொரு துளியிலும் ஒரு செல்லை அடைப்பது மூன்றாவது வகை. ஒரே செல்லை மணிக்கணக்கில் கவனிக்க வேண்டுமானால் முதல் வகையே சிறந்தது. ஆயினும் புதியவர்களுக்கு நான் துளிச் சிப்பையே சொல்வேன். வெற்றுத் துளி எத்தனை, ஒற்றைச் செல் துளி எத்தனை, இரட்டை எத்தனை என்று கண்ணால் எண்ணி, வர வேண்டிய கணக்கோடு ஒப்பிட்டு, நாம் செய்தது சரியா என்பதை அன்றைக்கே தெரிந்துகொள்ளலாம். ஒற்றைச் செல்களின் ஆர்.என்.ஏ.வைப் பெருமளவில் படிப்பதற்காக 2015இல் வெளியான டிராப்-சீக், இன்டிராப் ஆகிய இரண்டு முறைகளும் இந்தத் துளி முறையின் மேல் கட்டப்பட்டவையே என்பதால், இங்கு பழகும் கை பின்னர் வீணாகாது.

வரையத் தொடங்கும் முன் செல்லின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ரொட்டி ஈஸ்ட் ஏறத்தாழ 5 மைக்ரான். ஆய்வகத்தில் வளர்க்கும் பெரும்பாலான விலங்குச் செல்கள் 10 முதல் 20 மைக்ரான். இவை எல்லாவற்றுக்கும் 50 மைக்ரான் அகலமும் 50 மைக்ரான் உயரமும் உள்ள வாய்க்கால் பொருந்தும். வாய்க்காலின் அகலத்தை விரும்பியபடி மாற்றலாம், ஆனால் உயரத்தில் கவனம் வேண்டும். அகன்று தாழ்ந்த வாய்க்காலில் பாய்வுக்கான தடை உயரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், உயரத்தைப் பாதியாக்கினால் தடை எட்டு மடங்காகும். அப்போது பம்ப் தள்ளும் அழுத்தத்தில் ஒட்டு பிரிந்து சிப் வாயைத் திறந்துகொள்ளும்.

இன்னொன்றையும் மனத்தில் பதிய வைக்க வேண்டும். இவ்வளவு குறுகிய வாய்க்காலில் நீர் சுழலாது. 50 மைக்ரான் வாய்க்காலில் நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் ஓடும் நீரின் ரெனால்ட்ஸ் எண் (பாய்வு சுழலுமா, சீராக ஓடுமா என்று காட்டும் எண்) வெறும் 0.5. ஆற்றில் இரு நீர்கள் கலப்பதுபோல் இங்கே கலக்காது. பக்கம் பக்கமாக இரு பட்டைகளாகவே ஓடும், விரவுதலால் மட்டுமே மெல்ல மெல்ல ஒன்றுசேரும். ஒரு சிறு சாய மூலக்கூறு 50 மைக்ரான் தூரத்தைக் கடக்க இரண்டு மூன்று நொடிகள் ஆகும். செல் திரவமும் செல்லை உடைக்கும் திரவமும் துளி வெட்டப்படும் சந்திப்புக்குச் சற்று முன்புதான் சேர வேண்டும் என்று வரைபடங்களில் அமைப்பது இதனால்தான். அதற்கு வெகு முன்பே சேர்ந்து மெல்லக் கலந்துவிட்டால், செல் துளிக்குள் அடைபடுவதற்கு முன்பே உடைந்துவிடும்.

மாஸ்கும் அச்சும்

சிப் செய்யும் வழி சுருக்கமாக இதுதான்: வரைபடத்தை மாஸ்க் என்ற ஃபிலிமில் எடுத்து, அதன் வழியே ஒளி காட்டி, வேஃபர் என்ற சிலிக்கான் தகட்டின் மேல் வாய்க்காலின் வடிவம் மேடாக நிற்கும் அச்சைச் செய்து, அதன் மேல் பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பரை வார்த்து, உரித்தெடுத்துக் கண்ணாடியில் ஒட்டுகிறோம். வரைபடத்தை ஆட்டோகேடிலோ, இலவசமாகக் கிடைக்கும் கேலேஅவுட்டிலோ வரையலாம். சிலுவை போன்ற சந்திப்பு ஒன்று. நடுவிலிருந்து நீர் வரும், இரு பக்கங்களிலிருந்தும் எண்ணெய் வந்து அதை நெரித்துத் துளியாக்கும். ஒவ்வொரு நுழைவாயிலுக்கு அருகிலும் சிறு தூண்களின் வரிசை ஒன்றை வையுங்கள். மடையில் குப்பை தடுக்கும் கம்பி போல், தூசியையும் பி.டி.எம்.எஸ். துணுக்கையும் அவை பிடித்துக்கொள்ளும். வரைபடத்தின் ஓரத்தில் அளவுகோல் ஒன்றையும், தேதியையும், பதிப்பு எண்ணையும் சேர்த்து வரைந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து இந்தச் சிப் எந்த வரைபடத்திலிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்காது.

தெருமுனை டி.டி.பி. கடையின் லேசர் பிரின்டரில் மாஸ்க் எடுக்க முடியுமா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். 1200 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 1200 புள்ளி) பிரின்டரில் ஒரு புள்ளியின் அளவு 21 மைக்ரான். 50 மைக்ரான் கோடு இரண்டரைப் புள்ளிக்கு மேல் வராது. ஓரமெல்லாம் பல்பல்லாக இருக்கும். உயர்நுட்பப் ஃபிலிம் மாஸ்க் எடுத்துத் தருபவர்களிடம் கொடுங்கள். 10 மைக்ரானுக்கும் குறைந்த அமைப்புகள் இருந்தால் குரோம் மாஸ்க் வேண்டும். அச்சு செய்யப் பயன்படும் எஸ்.யு-8 என்பது ஒளி பட்ட இடம் கெட்டியாகும் பொருள் என்பதால், வாய்க்கால் வரும் இடம் தெளிவாகவும் மற்றெல்லாம் கறுப்பாகவும் இருக்க வேண்டும். இதை மாற்றிக் கொடுத்துப் பணத்தை இழந்தவர்கள் பலர்.

அச்சு செய்வதற்குத் தூய அறை (காற்றில் தூசியை வடிகட்டிய அறை) வேண்டும். சிலிக்கான் வேஃபரின் மேல் எஸ்.யு-8 2050ஐ ஊற்றி, நிமிடத்துக்கு 3000 சுற்றில் சுழற்றினால் ஏறத்தாழ 50 மைக்ரான் தடிமன் வரும். 65 டிகிரியிலும் 95 டிகிரியிலும் சூடாக்கி, மாஸ்கின் வழியே புற ஊதா ஒளி காட்டி, மறுபடி சூடாக்கி, டெவலப்பரில் கழுவ வேண்டும். கடைசியில் ஐசோபுரொப்பனால் ஊற்றும்போது வெள்ளைப் படலம் தெரிந்தால் இன்னும் கரைய வேண்டியது மிச்சமிருக்கிறது என்று பொருள். முதல் அச்சை நீங்களே செய்ய முயல வேண்டாம் என்பது என் கருத்து. சென்னை ஐ.ஐ.டி.யில் நெம்ஸ், நானோஃபோட்டானிக்ஸ் மையம் இருக்கிறது. வெளி ஆய்வாளர்கள் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், மும்பை ஐ.ஐ.டி. ஆகியவற்றின் தூய அறைகளைப் பயன்படுத்த ஐ.என்.யு.பி. என்ற மைய அரசுத் திட்டம் வழி செய்திருக்கிறது. உங்கள் வழிகாட்டியின் மூலம் விண்ணப்பியுங்கள். ஓர் அச்சைப் பத்திரமாக வைத்திருந்தால் பல பத்துச் சிப்கள் வார்க்கலாம்.

அச்சு கைக்கு வந்தவுடன், பி.டி.எம்.எஸ். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் மேல் ஃப்ளூரினேற்றிய சிலேன் ஆவியைப் படியவிட வேண்டும். டெசிகேட்டர் என்ற மூடிய வெற்றிடக் கலத்துக்குள் அச்சையும் இரண்டு மூன்று துளி சிலேனையும் வைத்து வெற்றிடமாக்கினால் போதும். டிரைகுளோரோ சிலேன் ஈரக்காற்றைத் தொட்டவுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையை விடும். சென்னைக் காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்திருப்பதால், புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹுட்டுக்குள் மட்டுமே திறக்க வேண்டும், திறந்த நொடியே மூட வேண்டும். புட்டியின் வாயில் வெள்ளை மாவு படிந்திருந்தால் அது பாதி கெட்டுப்போனதற்கு அடையாளம்.

வார்ப்பது

சில்கார்டு 184 என்ற பி.டி.எம்.எஸ். இரண்டு பாகமாக வரும். பேஸ் பத்துப் பங்கு, க்யூரிங் ஏஜென்ட் ஒரு பங்கு, எடைக்கு எடை. 10 செ.மீ. பெட்ரி டிஷ்ஷில் 3 அங்குல வேஃபரை வைத்து அரை செ.மீ. உயரத்துக்கு ஊற்ற 40 கிராம் பேஸும் 4 கிராம் ஏஜென்ட்டும் போதும். நைட்ரைல் கையுறைதான் போட வேண்டும்; லேடெக்ஸ் கையுறையிலிருந்து வரும் கந்தகம் பிளாட்டினம் வினையூக்கியைக் கெடுத்துவிடுவதால், தொட்ட இடம் எத்தனை மணி நேரம் ஓவனில் வைத்தாலும் பிசுபிசுவென்றே இருக்கும்.

கரண்டியால் மூன்று நான்கு நிமிடம், கோப்பையின் விளிம்பையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். நன்றாகக் கலந்ததற்கு அடையாளம், திரவம் முழுவதும் வெண்ணுரையாக மாறியிருப்பதே. பிறகு டெசிகேட்டரில் வைத்து வெற்றிடமாக்கும்போது, குமிழிகள் பெருத்து, பால் பொங்குவதுபோல் ஒரே மூச்சில் விளிம்புவரை ஏறி வரும். அடுப்பைச் சட்டென்று தணிப்பதுபோல் அந்தக் கணத்தில் வால்வைச் சற்றுத் திறந்து காற்றை விட்டால் நுரை இறங்கிவிடும். இதை நான்கைந்து முறை செய்த பின்னர் பொங்குவது நின்று, மேற்பரப்பில் ஒன்றிரண்டு குமிழிகளே உடையும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதிருந்தால் டெசிகேட்டரைத் துடைக்கும் வேலை மிச்சம். அரை மணி நேரத்தில் திரவம் கண்ணாடிபோல் தெளியும். அச்சின் மேல் ஊற்றி, மறுபடி பத்து நிமிடம் வெற்றிடத்தில் வைத்து, சந்திப்பின் மேல் குமிழி எதுவும் நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 70 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வையுங்கள். கோடையில் குளிர்சாதனம் இல்லாத அறையில் கலந்து வைத்தால் அது வேகமாகக் கெட்டியாகத் தொடங்கும். கலந்துவிட்டு மதிய உணவுக்குப் போய்விடக் கூடாது.

துளையிட்டு ஒட்டுவது

கெட்டியான பி.டி.எம்.எஸ்.ஸைக் கத்தியால் வெட்டி எடுத்து, வாய்க்கால் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, பயாப்ஸி பஞ்ச் என்ற வட்டத் துளைக்கருவியால் துளையிடுங்கள். ட்யூபின் வெளிவிட்டத்தைவிடத் துளை சற்றுச் சிறியதாக இருந்தால்தான் கசியாது. கருவியை நேராக அழுத்தி, மறுபக்கம் வெளிவரும் வரை தள்ளி, உள்ளே நிற்கும் உருளைத் துணுக்கை முழுதாக வெளியே எடுத்துவிட வேண்டும். அந்தத் துணுக்கின் ஒரு சிறு பிசிர் உள்ளே தங்கினால் போதும், பின்னர் சந்திப்பில் வந்து குறுக்கே நிற்கும்.

அடுத்து வரும் சிறு வேலையை மிகவும் பொறுமையாகச் செய்யச் சொல்வேன். சாதாரண செல்லோ டேப் ஒரு துண்டை வாய்க்கால் உள்ள பக்கத்தில் ஒட்டி, விரல் நுனியால் நீவி, மெதுவாக உரித்து, டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த சிப்பிலிருந்து நூலிழைகளும் கரும்புள்ளிகளும் டேப்பில் வந்திருக்கும். புதிய துண்டில் எதுவும் வராத வரை திரும்பச் செய்யுங்கள். மெட்ரோ ரயில் பணி நடக்கும் சாலையோரக் கட்டடமானால் ஐந்து துண்டுகூட ஆகலாம். போகியன்று காலை ஜன்னல் திறந்திருந்த அறையில் ஒட்டிய ஒரு தொகுதிச் சிப்கள் முழுவதும் கரித்தூள் அடைத்துக்கொண்டு பயன்படாமல் போனதிலிருந்து, டேப் வேலையையும் ஒட்டும் வேலையையும் இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் முடிப்பது எங்கள் வழக்கம்.

கண்ணாடித் தகட்டையும் பி.டி.எம்.எஸ்.ஸையும் ஒட்ட வேண்டிய பக்கம் மேலே இருக்குமாறு ஆக்ஸிஜன் பிளாஸ்மாவில் 30 முதல் 60 நொடி வைத்து, எடுத்தவுடன் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். கண்ணாடியைக் கழுவக் குழாய் நீரைப் பயன்படுத்த வேண்டாம். நம்மூர்த் தண்ணீரின் உப்பு காய்ந்ததும் வெள்ளைத் திட்டாக நிற்கும், அந்த இடத்தில் ஒட்டாது. காய்ச்சி வடித்த நீரும் ஐசோபுரொப்பனாலும் போதும். இரண்டும் தொட்ட இடத்திலிருந்து, காகிதத்தில் எண்ணெய் ஊறிப் பரவுவதுபோல், ஒட்டு தானாகப் பரவிச் செல்வதைச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்கலாம். அது ஓரிடத்தில் தயங்கி நின்றால் அங்கே தூசி இருக்கிறது. அழுத்தி ஒட்ட முயன்றால் வாய்க்காலின் கூரை தரையோடு ஒட்டிவிடும். மென்மையாகத் தட்டிக்கொடுத்தால் போதும். பின்னர் 80 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் ஒட்டு உறுதிப்படும்.

பிளாஸ்மா பட்ட சுவர் நீரை விரும்பும். எண்ணெய்க்குள் நீர்த்துளி வெட்ட வேண்டுமானால் சுவர் நீரை வெறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் சுவரோடு ஒட்டிக்கொண்டு துளியாக உடையாமல் நாடாவாக ஓடும். கார் கண்ணாடிக்குப் பூசும் அக்வாபெல்லை வாய்க்காலில் அரை நிமிடம் நிரப்பி, காற்றால் ஊதி வெளியேற்றி, உலர்த்துவது எளிய வழி. அது கிடைக்காவிட்டால் ஃப்ளூரினேற்றிய சிலேனின் நீர்த்த கரைசலும் வேலை செய்யும்.

செல் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்

முதல் ஓட்டம் சாயம் கலந்த நீரோடு மட்டும் நடக்கட்டும். எண்ணெயைப் பொறுத்தவரை, செல்களுக்கு ஏற்றது எச்.எஃப்.இ-7500 போன்ற ஃப்ளூரினேற்றிய எண்ணெய். ஆக்ஸிஜனை நன்றாகக் கடத்தும், பி.டி.எம்.எஸ்.ஸை உப்பச் செய்யாது. அதோடு துளிகள் ஒன்றோடொன்று சேராமல் இருக்க அதற்கேற்ற சர்ஃபாக்டன்ட்டை 2 சதவீத அளவில் கலக்க வேண்டும். இரண்டுமே விலை மிகுந்தவை. இந்த எண்ணெயைத் தயாரித்துவந்த 3எம் நிறுவனம், இவ்வகை வேதிப்பொருள்களின் உற்பத்தியை 2025 இறுதிக்குள் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இருப்பு நிலவரத்தையும் மாற்று எண்ணெய்களையும் விசாரித்த பிறகே சோதனைத் திட்டத்தை எழுதுங்கள். கை பழகும் வரை மினரல் ஆயிலில் 2 சதவீதம் ஸ்பான் 80 கலந்து ஓட்டலாம். சிலிக்கோன் எண்ணெய் மட்டும் வேண்டாம், பி.டி.எம்.எஸ். அதைக் குடித்து உப்பிவிடும். பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவின் ரசாயனக் கடைகளில் ஐசோபுரொப்பனால் போன்ற பொதுப் பொருள்களை வாங்கிக்கொள்ளலாம். எண்ணெயையும் சர்ஃபாக்டன்ட்டையும் ஆய்வகப் பொருள் முகவர்கள் வழியே முன்கூட்டி வரவழைக்க வேண்டும்.

எப்போதும் எண்ணெய் முதலில் ஓடட்டும். சுவர் முழுதும் எண்ணெயில் நனைந்த பிறகு நீரை விடுங்கள். நிறுத்தும்போது நீரை முதலில் நிறுத்துங்கள். நீர் மணிக்கு 200 மைக்ரோலிட்டர், எண்ணெய் 400 மைக்ரோலிட்டர் என்று தொடங்கலாம். சிரிஞ்சில் ஒரு குமிழி இருந்தாலும் அது ஸ்பிரிங்போல் அமுங்கி விரிந்து, பம்பில் வேகத்தை மாற்றிய பிறகும் நீண்ட நேரம் பாய்வைத் தள்ளாடவைக்கும். ஆகவே குமிழியை முழுவதும் வெளியேற்றிய பிறகே ட்யூபைச் செருகுங்கள். பெரிய சிரிஞ்சில் பம்பின் மோட்டார் அடி எடுத்துவைக்கும் துடிப்பு பாய்வில் தெரியும் என்பதால் 1 மி.லி. சிரிஞ்சே நல்லது. பம்பை யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள். ஒரு நிமிட மின்வெட்டில் பாய்வு நின்றுபோனால் நீர் எண்ணெய் வாய்க்காலுக்குள் பின்வாங்கிப் புகுந்து, சுவரை நனைத்து, அந்தச் சிப்பையே கெடுத்துவிடும்.

அறையின் வெப்பநிலையைக் குறித்துவைப்பதும் தேவை. 20 டிகிரியில் இருக்கும் நீரின் பாகுநிலை 35 டிகிரியில் ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்துவிடுகிறது. காலையில் குளிர்சாதனம் ஓடும்போது வந்த துளி அளவு, மாலையில் அது நின்ற பிறகு வராததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

துளிகளைச் சேகரித்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் ஐம்பது துளிகளின் விட்டத்தை அளந்து பாருங்கள். 50 மைக்ரான் துளியின் கன அளவு 65 பிக்கோலிட்டர். 60 மைக்ரானானால் 113 பிக்கோலிட்டர். விட்டத்தில் செய்யும் சிறு பிழை கன அளவில் பெரும்பிழையாகும் என்பதால், வரைபடத்திலுள்ள அளவை நம்பாமல் அளந்த அளவையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்களைத் தயார் செய்வது

துளிக்குள் செல் எப்படி விழுகிறது என்பதை நாம் ஆள முடியாது. அது பாய்சான் பரவலின்படி தற்செயலாக நடக்கும். துளிக்குச் சராசரியாக ஒரு செல் வருமாறு அடர்வை வைத்தால், நான்கு துளிகளில் ஒன்றுக்கு மேல் இரண்டோ அதற்கு மேலோ செல்கள் இருக்கும். சராசரியை 0.1 என்று குறைத்தால், 1000 துளிகளில் ஏறத்தாழ 905 வெறுமையாகவும், 90 ஒற்றைச் செல்லோடும், 5 மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட செல்களோடும் வரும். பெரும்பாலான துளிகள் வெறுமையாகப் போவது புதியவர்களுக்கு வீண்செலவாகத் தோன்றுகிறது. ஆனால் 65 பிக்கோலிட்டர் துளிகள் மணிக்கு 200 மைக்ரோலிட்டர் பாய்வில் நொடிக்கு 850க்கு மேல் வெட்டப்படுவதால், இந்த வெறுமைக்கு நடுவிலும் நொடிக்கு 77, நிமிடத்துக்கு 4,600 ஒற்றைச் செல் துளிகள் கிடைக்கின்றன. வெற்றுத் துளிகள் ஒற்றைத்தன்மைக்காக நாம் கொடுக்கும் விலை.

துளிக்கு 0.1 என்றால் மி.லி.க்கு ஏறத்தாழ 15 லட்சம் செல்கள் வேண்டும். நியூபார் சேம்பரின் (செல் எண்ணுவதற்குக் கட்டம் கீறிய கண்ணாடித் தகட்டின்) பெரிய சதுரம் ஒன்றில் சராசரியாக 150 செல்கள் இருந்தால் அதுதான் இந்த அடர்வு. செல்லை உடைக்கும் திரவத்தைச் சம அளவில் சிப்பிலேயே சேர்ப்பதாக இருந்தால், துளியில் பாதிதான் செல் திரவம். அப்போது 30 லட்சத்தில் தொடங்க வேண்டும்.

பழகுவதற்கு மளிகைக் கடை ஈஸ்ட்டே போதும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மூன்று முறை சென்ட்ரிஃபியூஜில் கழுவி, சர்க்கரை இல்லாத பஃபரில் கலக்குங்கள். சர்க்கரை மிச்சமிருந்தால் நொதித்து, சிரிஞ்சுக்குள்ளேயே வாயுக் குமிழி வரும். ஈஸ்ட் மொட்டுவிட்டு வளர்வதால், தாயும் மொட்டும் ஒட்டியிருப்பதை ஒரு செல்லாக எண்ணுவதா, இரண்டாகவா என்று எண்ணத் தொடங்கும் முன்பே முடிவெடுத்துக் குறித்துவையுங்கள். ஒற்றை என்பதை நாம்தான் வரையறுக்கிறோம் என்ற பழக்கம் அங்கிருந்தே தொடங்கட்டும்.

விலங்குச் செல்களில் சிக்கல் வேறு. இறந்த செல்கள் உடைந்து வெளியேறும் டி.என்.ஏ. பசைபோல் உயிருள்ள செல்களை ஒட்டவைக்கும். செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் நொதியான டிரிப்சினில் அதிக நேரம் விட்டாலும், பிப்பெட்டால் முரட்டுத்தனமாக அடித்தாலும் இது பெருகும். அகன்ற முனையுள்ள பிப்பெட்டில் மெதுவாகக் கலக்குங்கள். கால்சியம், மக்னீசியம் இல்லாத பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலைப் பயன்படுத்துங்கள், சுவரிலும் ட்யூபிலும் செல் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் பி.எஸ்.ஏ. என்ற புரதம் சேருங்கள்; கடைசியாக, சிரிஞ்சில் ஏற்றுவதற்குச் சற்று முன், 40 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள். ஒரு மணி நேரம் முன்பு வடித்தது போதாது, அதற்குள் மீண்டும் ஒட்டியிருக்கும். இறந்த செல்லில் மட்டும் ஏறும் டிரைபான் புளூ சாயத்தில் சோதித்து, உயிருள்ளவை 90 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அன்றைய சோதனையைத் தள்ளிவையுங்கள். பின்னர் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து, 200 செல்களில் எத்தனை தனியே இருக்கின்றன, எத்தனை ஜோடியாக இருக்கின்றன என்று எண்ணுங்கள். 200இல் 20 ஜோடி என்றால் சிப்பை எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் உங்கள் முடிவில் அந்த இரட்டைகள் இருக்கும். இந்த எண்ணிக்கையைச் செய்யாத ஒற்றைச் செல் சோதனையை நான் ஏற்பதில்லை.

செல் படிவது அடுத்த தொல்லை. 10 மைக்ரான் செல், நீரைவிட 5 சதவீதம் அடர்த்தி மிகுந்ததாக இருந்தால், மணிக்கு ஏறத்தாழ 1 செ.மீ. கீழே இறங்கும். நான் இத்துறைக்கு வந்த தொடக்கத்தில், முதல் பத்து நிமிடம் துளிகளில் செல்கள் நிறைய வந்து, பிறகு வெற்றுத் துளிகளாகவே வந்தன. சந்திப்பு அடைத்திருக்கிறது என்று எண்ணி இரண்டு வாரம் சிப் சிப்பாக மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு நாள் சிரிஞ்சைப் பம்பிலிருந்து எடுக்காமல் கீழே குனிந்து பார்த்தபோது, படுக்கையாக இருந்த சிரிஞ்சின் அடிச்சுவர் நெடுக வெள்ளைக் கோடாகச் செல்கள் படிந்திருந்தன. 15 முதல் 18 சதவீதம் ஆப்டிப்ரெப் என்ற அடர்த்தி மிகுந்த திரவத்தைக் கலந்து திரவத்தின் அடர்த்தியைச் செல்லோடு ஏறத்தாழச் சமமாக்கினால் இது தீரும். இல்லாவிட்டால் சிரிஞ்சுக்குள் சிறு காந்தக் குச்சியை வைத்துக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆப்டிப்ரெப் சேர்ப்பதால் அடர்வு குறைவதைக் கணக்கில் கொண்டு, சேர்த்த பிறகு மறுபடி எண்ணுங்கள். ஐஸில் வைத்த செல் குழாயை வெளியே எடுக்கும்போது நம்மூர்க் காற்றில் நொடியில் வியர்க்கும். அந்த நீர் குழாய்க்குள் சொட்டாமல் துடைத்துவிட்டுத் திறங்கள்.

ஓட்டி, எண்ணிப் பார்ப்பது

மேலே சொன்ன வேகங்களில் 50 மைக்ரான் வாய்க்காலில் துளிகள் நொடிக்கு 67 மில்லிமீட்டர் ஓடுகின்றன; படம் மங்காமல் எடுக்க ஒளிபடும் நேரம் 75 மைக்ரோவினாடிக்குள் இருக்க வேண்டும். அதற்கான கேமரா இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம். வெளிவாயிலுக்கு முன் வாய்க்காலை அகலப்படுத்தி வரைந்தால் அங்கே வேகம் குறையும். அல்லது சேகரித்த துளிகளை ஓரடுக்காகப் பரப்பி நிதானமாகப் படமெடுக்கலாம். கால்சீன் ஏ.எம். உயிருள்ள செல்லைப் பச்சையாகவும், புரோப்பிடியம் அயோடைடு இறந்ததைச் சிவப்பாகவும் காட்டும். நொதி அளவீட்டுக்குச் சாயம் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை: ரெசோருஃபின் போன்றவை எண்ணெயின் வழியே பக்கத்துத் துளிக்குக் கசியும், ஒரு மணி நேரத்தில் வெற்றுத் துளிகளும் ஒளிரத் தொடங்கும்.

1000 துளிகளை எண்ணுங்கள். ஒற்றைத் துளிகள் கணக்கைவிடக் குறைந்து, வெற்றுத் துளிகள் கூடியிருந்தால் செல் படிந்திருக்கிறது அல்லது நுழைவாயில் தூண்களில் சிக்கியிருக்கிறது. ஒற்றை சரியாக இருந்து, இரட்டை மட்டும் 5க்குப் பதில் 20, 30 என்று வந்தால், செல்கள் ஒட்டியிருக்கின்றன. வடிகட்டிக்குத் திரும்புங்கள், சிப்பைத் தொட வேண்டாம்.

மனித ரத்தத்தையோ திசுவையோ பயன்படுத்தும் முன் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். கழிவுகளை 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பிரிக்க வேண்டும்: ஊசிகள் துளைபடாத வெள்ளைக் கலனிலும், ட்யூபும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்புப் பையிலும், கண்ணாடி நீலக் குறியிட்ட பெட்டியிலும் போகும். செல் திரவத்தை ஹைப்போகுளோரைட்டில் கிருமி நீக்கிய பின்னரே அப்புறப்படுத்துங்கள். ஃப்ளூரினேற்றிய எண்ணெய் இயற்கையில் எளிதில் அழியாதது. அதை ஒரு சொட்டுக்கூடத் தொட்டியில் ஊற்றாமல், பெயரும் தேதியும் எழுதி ஒட்டிய தனிப் புட்டியில் சேர்த்து, நிறுவனத்தின் ரசாயனக் கழிவுப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.